இரைச்சலிடும் சைலன்சரும் இல்வாழ்வான் பணப்பையும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் யாவரும் என்றேனும் ஒருநாள் கேட்டே தீரவேண்டிய ஓசை ஒன்றுண்டு. முந்தின நாள் மாலை வரையிற் பூனைபோல் வந்து நின்ற வண்டி, மறுநாட் காலையிற் கிளப்பியவுடன் உழவு யந்திரம்போல் உறுமும். தெருவிலுள்ளார் திரும்பிப் பார்ப்பர். திண்ணை நாய் எழுந்து ஓடும். வண்டிக்குரியவனோ, தன் மாதச் சம்பளத்தில் எத்துணைப் பங்கு இவ்வுறுமலுக்கு இரையாகுமோ என்று மனங் கலங்குவான். அங்ஙனம் கலங்கினாருள் யானும் ஒருவன். அக்கலக்கத்தின்போது கற்றவற்றையும், பின்னர்ப் படித்துத் தெளிந்தவற்றையும் நம் கல்லூரி நண்பர்களுக்குச் சொல்லுதல் பயனுடைத்தாகும் என்று கருதி இதனை எழுதலானேன். பௌதிக வகுப்பிலும் ரசாயன வகுப்பிலும் கரும்பலகையிற் கண்டு மறந்தவை பல, ஒரு பழைய காரின் அடிவயிற்றில் உயிரோடு உலவுகின்றன என்பதும் இதனால் விளங்கும்.

என் வண்டி மாருதி 800 என்னும் இனத்தது. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதல் வெளிவந்து, 2014-ஆம் ஆண்டு ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன அச்சிறு வண்டியைப் பற்றி இந்நாட்டு நடுத்தரக் குடும்பத்தாருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. என்னுடையது எனக்கு முன் இருவர் கைப்பட்டு வந்தது. சென்ற மழைக்காலத்தில் அதன் அடியிலிருந்து ஓர் உறுமல் தோன்றிற்று. பெரியதொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் வண்டியை உயர்த்தி ஒருமுறை நோக்கிவிட்டு, முன்னிருந்து பின்வரையுள்ள குழாய்த் தொகுதி முழுவதையும் மாற்றவேண்டும் என்று ஒரு சீட்டை நீட்டினர். அதிற் கண்ட தொகை என் மாத வருவாயிற் பாதிக்குமேல் இருந்தது. “அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்” என்று திரும்பிவிட்டேன். ஓசைதானே, காதுக்கு மட்டுந்தானே கேடு என்பது அன்று என் எண்ணம்.

அவ்வெண்ணம் பிழையென்று காட்டியது நாகர்கோவிற் பயணம். பாளையங்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டோம். நல்ல மழை, கண்ணாடிகள் யாவும் ஏற்றப்பட்டிருந்தன. நாங்குநேரி தாண்டியதும், பின்னிருக்கையிலிருந்த என் மகள் தலைவலிக்கிறதென்றாள். சிறிது நேரத்தில் என் மனைவியும் குமட்டுகிறதென்றாள். வெறும் வயிற்றோடு புறப்பட்டதன் விளைவென்று சொல்லி, வள்ளியூரில் ஒரு தேநீர்க்கடை முன் நிறுத்தினேன். கால் மணி நேரத்தில் இருவருக்கும் தெளிந்துவிட்டது. வண்டியேறிச் சிறிது தூரம் சென்றவுடன் மீண்டும் அதே தலைவலி. வெளியே நின்றால் தீர்கிறது, உள்ளே அமர்ந்தால் வருகிறது என்னும் இவ்வொழுங்கைக் கண்டபின்னரே எனக்கு உறைத்தது. எஞ்சிய வழி முழுதும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம்.

பெட்ரோல் முற்றும் எரியாவிடத்துப் பிறப்பது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆதலால் அது வருவதை மூக்கும் அறியாது, கண்ணும் அறியாது. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்னும் பொருள், பிராணவாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு இந்நச்சு வாயுவைப் பற்றிக்கொள்ளும். காற்றிற் சிறிதளவே கலந்திருப்பினும் இரத்தத்தில் அது பெரும்பங்கு இடத்தைப் பிடித்துவிடுவது இக்காரணத்தாலேயே. முதலில் தலைவலி, பின்னர்க் குமட்டல், மயக்கம். அதற்குமேலும் உள்ளே இருந்தால் உயிர் போகும். வண்டியிலுள்ளார் ஒருவர்க்கன்றிப் பலர்க்கும் ஒருங்கே தலைவலி வந்து, வெளிக்காற்றில் நின்றவுடன் நீங்குமாயின், வேறு காரணம் தேடிக் காலம் போக்காது வண்டியை நிறுத்திவிடவேண்டும். கதவடைத்த கொட்டகைக்குள் யந்திரத்தை ஓடவிட்டு ஓசை எங்கிருந்து வருகிறதென்று ஆராய்வாரும் உளர். அதனினும் கொடிய அறியாமை வேறில்லை.

நிற்க. இக்குழாய்த் தொகுதி இன்னதென்று முன்னர் அறிந்துகொள்வோம். யந்திரத்தினுள் எரிந்த புகை, உருளைகளினின்று முதலில் மேனிபோல்டு என்னும் கிளைக்குழாயில் ஒன்றுசேரும். அதற்கும் யந்திரத்திற்கும் இடையே புகை கசியாதபடி வைப்பது கேஸ்கட். பட்டறைகளில் அதனைப் ‘பேக்கிங்’ என்பர். அங்கிருந்து இறங்கும் குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அமைந்துள்ளது. தேன்கூடு போன்ற நுண்ணறைகளையுடைய அப்பெட்டியினுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லப் பூசப்பட்டிருக்கும். அவை நச்சுப் புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவன. இந்தியாவில் 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. இதற்கப்பால் நீண்ட குழாய். அதன் கடைசியிற் சைலன்சர் என்னும் பெட்டி. பெட்டியின் வால்போல் வெளிக்குழாய். இத்தொகுதி முழுவதும் வண்டியின் அடித்தட்டில் இரும்பினால் இறுகப் பிணைக்கப்படாமல், ரப்பர் வளையங்களில் தொங்கும். யந்திரம் குலுங்குந்தோறும் குழாயும் உடன் அசையவேண்டுமாதலின் இவ்வேற்பாடு.

சைலன்சர் ஓசையை அடக்குவது எவ்வாறு? மாருதி 800-இன் யந்திரத்தில் மூன்று உருளைகள். யந்திரம் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வோர் உருளையும் ஒருமுறை வெடிக்கும். நிமிஷத்திற்கு 3000 சுற்று ஓடுகையில், வினாடிக்கு 75 வெடிகள் என்று கணக்கு வரும். இவ்வெழுபத்தைந்தும் தனித்தனி அடிகளாக வெளியேறினால் அதுவே நாம் கேட்கும் உறுமல். சைலன்சர்ப் பெட்டியினுள் துளையிட்ட குழாய்களும் தடுப்புத் தகடுகளும் சிறு அறைகளும் உண்டு. ஒலியலை ஓர் அறையின் சுவரில் மோதித் திரும்பி, பின்வரும் அலையோடு சேருங்கால், ஒன்றன் மேடு மற்றொன்றன் பள்ளத்தில் விழுமாறு அவ்வறைகளின் நீளம் அமைந்திருக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்து சமனாகவே ஓசை தணியும். சில பெட்டிகளிற் கண்ணாடிப் பஞ்சை அடைத்து ஓசையை அதிற் புதைப்பதும் உண்டு. 1897-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் யந்திரங்களுக்கான சைலன்சர் ஒன்றிற்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். 1909-இல் துப்பாக்கிக்குச் சைலன்சர் கண்டு உரிமை பெற்ற ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் என்பவரும் மோட்டார் யந்திரங்களின் ஓசையடக்கத்தில் உழைத்தவரே. அவருடைய தந்தையார்தாம் மாக்ஸிம் பீரங்கித் துப்பாக்கியை உலகிற்களித்தவர். தந்தை பெருக்கிய ஓசையை மகன் அடக்க முயன்றார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இனி, இப்பெட்டி ஓட்டையாவதேன்? மழையிலும் சேற்றிலும் ஓடுவதாலென்று பலர் எண்ணுவர். அது பாதியே மெய். பெரும் பகைவன் உள்ளேயிருக்கிறான். பெட்ரோல் என்பது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் கூடிய பொருள். எரியும்போது ஹைட்ரஜன் பிராணவாயுவோடு சேர்ந்து நீராகும். ரசாயனச் சமன்பாட்டை எழுதிக் கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் பிறக்கும் என்று காணலாம். வண்டி நெடுந்தூரம் ஓடிக் குழாய் முழுதும் சூடேறினால் அந்நீர் ஆவியாய்ப் போய்விடும். வீட்டிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து கடைத்தெருவுக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியிலோ, யந்திரத்துக்குத் தொலைவிலுள்ள பின்பெட்டி சூடேறுமுன்னரே பயணம் முடிந்துவிடுகிறது. புகையிலுள்ள அமிலங் கலந்த நீர் பெட்டியின் அடியிலே தேங்கி, இரும்பை உள்ளிருந்து அரிக்கும். வெளியே வர்ணம் அழகாயிருக்க, உள்ளே தகடு அப்பளமாயிருக்கும். காலையிற் கிளப்பியவுடன் வால்குழாயிலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டு சிலர் அஞ்சுவர். அது நோயன்று, நீர் வெளியே போவது நன்றே.

ஓசையைக் கேட்டு நோயை அறிதல் மருத்துவர் நாடி பார்ப்பதை ஒக்கும். குளிர்ந்த யந்திரத்தைக் கிளப்பியவுடன் முன்பக்கத்தில் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடேறியதும் மறையுமாயின், மேனிபோல்டிலோ அதன் பேக்கிங்கிலோ வெடிப்புண்டு. சூட்டால் உலோகம் விரிந்து வெடிப்பை மூடிக்கொள்வதால் ஓசை நிற்கிறது. நின்றவிடத்தில் யந்திரம் ஓடும்போது தகரம் அதிர்வதுபோல் கடகடவென்றால், பெரும்பாலும் வெப்பத்தைத் தடுக்க வைத்த மெல்லிய தகட்டின் திருகாணி தளர்ந்திருக்கும். பள்ளத்தில் விழும்போது மட்டும் அடியில் ‘டம்’ என்று இடித்தால், ரப்பர் வளையம் அறுந்து குழாய் அடித்தட்டில் மோதுகிறது. எப்போதும் ஒரே சீராக உறுமினாற் பெட்டியிலோ குழாயிலோ ஓட்டை. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கையால் தட்டும்போது உள்ளே சரளைக்கல் உருளும் ஓசை கேட்டால், அதன் தேன்கூடு நொறுங்கிவிட்டதென்க; இஃதொன்றே உண்மையாகச் செலவு வைக்கும் நோய். மற்றவை யாவும் சிறுசெலவில் தீர்வன.

நாகர்கோவிலிலிருந்து திரும்பிய வாரம், சனிக்கிழமை காலை, யந்திரம் குளிர்ந்திருக்கையில், நானே சோதிக்கத் துணிந்தேன். ஓடிய வண்டியின் குழாய் தோலை உரிக்கும் சூடுடையது. ஆதலின் இரவு முழுதும் நின்ற வண்டியையே தொடவேண்டும். சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் உயர்த்தி, இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் அமர்த்திய பின்னரே அடியிற் புகுந்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுத்து மாண்டவர் கதைகளைப் பட்டறைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மரச்சுத்தியால் குழாயைத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு நனைந்த அட்டைபோல் மங்கி ஒலிக்கும். குழாய் முழுவதும் கணீரென்றது. பின்பெட்டியின் மேல்விளிம்பில் மட்டும் மங்கிற்று. அவ்விடத்திற் கரி படிந்திருந்தது. கசியும் இடத்தைப் புகையே கரிக்கோடிட்டுக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. இருவர் வேண்டும், இடம் திறந்த வெளியாயிருத்தல் வேண்டும். ஒருவர் குளிர்ந்த யந்திரத்தைக் கிளப்ப, மற்றவர் கையுறை அணிந்து, தடித்த ஈரத்துணியால் வால்குழாயின் வாயைச் சில வினாடிகள் மட்டும் அழுத்தி மூடவேண்டும். தொகுதி பழுதற்றதாயின் அழுத்தம் ஏறி யந்திரம் திணறும். ஓட்டையிருந்தால் அவ்வழியே ‘உஸ்’ என்று சீறும். மூட்டுகளிற் சோப்பு நீரைத் தடவினால், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பவர் காண்பதுபோல் குமிழிகள் எழும். என் வண்டியில் இரண்டிடங்களிற் சீறிற்று: பெட்டியின் மேல்விளிம்பில் ஒன்று, பெட்டிக்கு முன்னுள்ள இணைப்பில் மற்றொன்று. ரப்பர் வளையங்களுள் ஒன்று அறுந்து, பெட்டி ஒருபக்கம் சாய்ந்து தொங்கிற்று. இம்மூன்றும் ஒரே நோயின் மூன்று குறிகளே என்பது பின்னர் விளங்கியது. வளையம் முதலில் அறுந்தது. பெட்டியின் பாரம் இணைப்பை இழுத்துப் பேக்கிங்கைக் கெடுத்தது. ஓயாத ஆட்டத்தாற் பெட்டியின் விளிம்பு பற்றுவிட்டது. சில ரூபாய் பெறும் ஒரு ரப்பர்த் துண்டை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் மற்ற இரண்டும் நேர்ந்திரா.

எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையோரத்தில் ஓலைக்கொட்டகை ஒன்றில் வெல்டிங் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், “அண்ணாச்சி, புதிது வாங்கவேண்டுமென்கிறார்களே” என்றேன். அவர் வண்டிக்கடியிற் படுத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையால் ஓட்டையைச் சுற்றிலும் குத்திப் பார்த்தார். எழுந்து வந்து, “ஸார், சுத்துப்பட்டுத் தகடு உசிரோட இருக்கு. ஒரு ஒட்டுப் போட்டா ரெண்டு வருசம் ஓடும். குத்துனதுக்குப் பொத்துக்கிட்டு உள்ள போயிருந்தா, நானே புதுசு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிருவேன்” என்றார். சிக்கனத்தின் முழு இலக்கணமும் அச்சோதனையிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஓட்டை எத்துணைப் பெரிது என்பதன்று வினா. ஓட்டையைச் சுற்றியுள்ள இரும்பு வலியுடையதா என்பதே வினா. செத்த தகட்டின்மேல் ஒட்டுப் போடுவது ஈரச்சுவரிற் காகிதம் ஒட்டுவதுபோலாம். மாதமொருமுறை கூலி கொடுக்கவேண்டி வரும். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது அதுதான்.

அவர் செய்த முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். இக்காலத்து வண்டிகளில் மின்கருவிகள் பலவிருப்பதால், வெல்டிங் மின்னோட்டம் அவற்றுட் பாய்ந்து கெடுக்காதிருத்தற்பொருட்டு. பின்னர்ப் பெட்டியை வண்டியிலிருந்தே கழற்றிவிட்டார். பல கார்களிற் பெட்ரோல் தொட்டி பின்பெட்டிக்கு அண்மையில் இருக்கிறது; வண்டியில் இருந்தபடியே தீப்பொறி பறக்க வேலை செய்வது உயிரோடு விளையாடுவதாகும். அவ்வாறு செய்ய முற்படும் பட்டறையினின்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். துருப்பிடித்த நட்டுகளில் முதல்நாள் மாலையே துருவிளக்கும் எண்ணெய் விட்டுவைக்கும்படி என்னிடம் சொல்லியிருந்தார். அதனால் அவை முறியாமற் கழன்றன. ஓட்டையைச் சுற்றி வெள்ளி போல் மின்னும் வரையிற் சாணை பிடித்தார். ஓட்டையினும் இருவிரல் அகலம் பெரிதாகத் தகடு வெட்டி, வளைவுக்கேற்பத் தட்டி, முதலில் நான்கு மூலையிலும் பொட்டு வைத்து, பிறகு சுற்றிலும் பற்றவைத்தார். தகடு சன்னமாதலால் ஆர்க் வெல்டிங் பொத்துவிடும் என்று கேஸ் வெல்டிங்கிலேயே செய்தார். ஒட்டுத்தகட்டுக்கு நான் வீட்டிலிருந்து ஒரு துத்தநாகம் பூசிய தகரத்தைக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை ஏற்கவில்லை. துத்தநாகப் பூச்சு எரியும்போது எழும் வெண்புகை, மூச்சிற் சென்றால் காய்ச்சல் வரும். நூல்களிலும் அவ்வாறே கண்டேன். ஆறியபின் சூடு தாங்கும் வெள்ளி வர்ணம் பூசி, புதிய பேக்கிங்கும் புதிய ரப்பர் வளையமும் இட்டுப் பூட்டினார். பழைய பேக்கிங்கை மறுபடி இடுவது போலிச் சிக்கனம். ஒருமுறை நசுங்கியது மறுமுறை அடைக்காது. கூலியும் பொருளும் சேர்ந்து, பெரிய பட்டறைச் சீட்டிற் கண்டதன் பதினைந்தில் ஒரு பங்கு ஆயிற்று.

வழியிடையே குழாயில் ஓட்டை கண்டுவிட்டால், ஊர் போய்ச் சேரும் வரையில் தாங்கும் உபாயமும் உண்டு. ஒரு தகர டப்பாவின் பக்கத்தை வெட்டியெடுத்து, கடைகளிற் கிடைக்கும் சைலன்சர்ப் புட்டியைத் தடவி, குழாயைச் சுற்றிக் கட்டி, இருபுறமும் எஃகு ஹோஸ் கிளிப்பால் இறுக்கினாற் போதும். சூட்டில் புட்டி கல்லாகிவிடும். இது நேரான குழாய்க்கே ஏற்றது; பெட்டிக்கு ஏலாது. கடகடக்கும் வெப்பத் தகட்டுக்கும் பெரிய ஹோஸ் கிளிப் ஒன்று போதும். அத்தகட்டையே கழற்றி எறிந்துவிடுவாரும் உண்டு. காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்துங்கால் தீப்பற்றாமற் காப்பது அதுவேயாதலின், அவ்வாறு செய்யலாகாது.

பெட்டியை மாற்றியே தீரவேண்டுமெனின், பெட்டியை மட்டும் மாற்றலாம். தொகுதி முழுவதையும் மாற்றவேண்டுவதில்லை. யந்திரத்துக்கு அண்மையிலுள்ள பகுதிகள் சூட்டினால் உலர்ந்தேயிருப்பதால் பின்பெட்டியைவிட நெடுநாள் உழைக்கும். கடையில் இரண்டு பெட்டிகள் காட்டினால் கையிலெடுத்து நிறுத்துப் பாருங்கள். கனமானதில் தகடு தடித்திருக்கும், உள்ளறைகளும் நிறைந்திருக்கும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் உறுப்புகள் மலைமலையாகக் கிடைப்பது யாவரும் அறிந்ததே. வார்ப்பிரும்பு மேனிபோல்டு போன்றவற்றை அங்கு வாங்குவது அறிவுடைமை. வெடிப்பிருந்தாற் கண்ணுக்குத் தெரியும். பழைய சைலன்சரை அங்கு வாங்குவதை யான் உடன்படேன். அதன் நோய் உள்ளே இருப்பது. வாங்குவான் கண்ணுக்குப் புலப்படாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்ற நேரின், கழற்றிய பழையதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றப் பழைய இரும்பெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போடத்தக்கது. இதுவோ உள்ளிருக்கும் பிளாட்டினத்திற்காகவே விலைபோவது. “நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம்” என்று ஒருவர் இனிமையாகச் சொல்லும்போது அவ்வினிமையின் காரணத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

செலவை அஞ்சி அதனை உடைத்து வெறுங்குழாயாக்கிவிடும் வழக்கமும் இருக்கிறது. அது சட்டத்திற்கும் மாறு, உயிர்க்கும் கேடு. இன்னொன்றும் கருதத்தக்கது. அப்பெட்டிக்கு முன்னுள்ள குழாயில் பிராணவாயுவை அளக்கும் உணர்கருவி ஒன்றுண்டு. அதற்கு முன்னே ஓட்டையிருந்தால் வெளிக்காற்று உட்புகுந்து, எரிபொருள் குறைவென்று அக்கருவி மயங்கும். யந்திரம் மேலும் பெட்ரோலை உறிஞ்சும். கேஸ்கட்டுக்குச் செலவிட மனமின்றி ஓட்டுகிறவன் அப்பணத்தைப் பெட்ரோல் பங்கிலே தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறான். மேனிபோல்டு வேலையை மட்டும் வீட்டிற் செய்யத் துணியாதீர்கள். பல ஆண்டு சூட்டில் வெந்த அதன் போல்ட்டுகள், கைதேராதவன் ஸ்பானர் வைத்தவுடன் முறிந்து யந்திரத்துக்குள்ளேயே நின்றுவிடும்; பிறகு துளையிட்டு எடுக்கும் செலவு முதற்செலவை விழுங்கிவிடும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். மோட்டார் சைக்கிளின் சைலன்சரைத் திறந்து உள்தடுப்புகளை அகற்றி, விடுதிவாயிலிற் பட்டாசுக்கடைபோல் முழங்கச் செய்வதில் சிலருக்குப் பெருமிதம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் ஓசையைக் கூடியமட்டும் குறைக்கும் சைலன்சர் வேண்டுமென்கிறது. விதியை விடுங்கள், காசு கொடுத்து நல்ல பெட்டியைக் கெடுப்பானையும், கெட்ட பெட்டிக்குக் காசு தேடி அலைவானையும் ஒரே கல்லூரி வளாகத்திற் காண்பது வியப்பே.

சொல்ல மறந்த செய்தியொன்று. சைலன்சர்ப் பெட்டியின் அடிப்பாகத்தில் ஊசிமுனையளவு சிறுதுளை ஒன்று பலவற்றில் இருக்கும். என் வேலை முடிந்து பூட்டுமுன், அத்துளையையும் அடைத்துவிடும்படி பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அஃது ஓட்டையன்று, தேங்கும் நீர் வடிவதற்காகச் செய்தவனே இட்ட வழி. அடைத்திருந்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் புதுப்பெட்டி வாங்கியிருப்பேன்.

வண்டி இப்போது அமைதியாக ஓடுகிறது. மறுமாதம் அதே நாகர்கோவிற் சாலையில், அதே மழையில், கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு சென்றோம். பின்னிருக்கையில் தலைவலியென்ற பேச்சில்லை, மகள் வள்ளியூர் தாண்டும்போது உறங்கிக்கொண்டிருந்தாள். ஆயினும் முன்னர் உறுமலில் மறைந்திருந்த வேறோர் ஓசை இப்போது வெளிப்பட்டிருக்கிறது. இடப்பக்கக் கதவினுள் கண்ணாடி கிடுகிடுக்கிறது. வருகிற சனிக்கிழமை அதைப் பார்க்கவேண்டும்.